‘நன்றி’ என்ற சொல் இல்லாத கூட்டமா?



இரவு பத்து மணிக்குக் கடையின் ஷட்டரை இழுத்து மூடுகிறீர்கள். கல்லாக் கணக்கை முடித்து வீட்டுக்குப் போனால், மாடியில் விளக்கை அணைத்துவிட்டு உங்கள் மகன் கைப்பேசியில் மூழ்கிக் கிடக்கிறான். ‘என்னடா அது?’ என்று கேட்டால், ‘ஒன்றுமில்லை வாப்பா, டிராகன் கதை’ என்கிறான். குதிரை ஓடுகிறது, வாள் சுழல்கிறது, நெருப்பு கக்கும் பறவை போல ஏதோ ஒன்று பறக்கிறது. குழந்தைத்தனமான கதை என்று நினைத்து நீங்களும் படுக்கப் போய்விடுகிறீர்கள்.

அந்தக் கதையைப் பற்றித்தான் இன்று உங்களோடு பேச வேண்டியிருக்கிறது. தந்தையோடும் பேச வேண்டும். மகனோடும் பேச வேண்டும்.

‘கேம் ஆஃப் த்ரோன்ஸ்’ என்ற அந்தத் தொடர் அமெரிக்காவின் எச்.பி.ஓ. தொலைக்காட்சியில் 2011 ஏப்ரல் 17ல் தொடங்கி 2019 மே 19ல் முடிந்தது. 8 பருவங்கள், 73 பகுதிகள். 1996 முதல் வெளிவரும் ஜார்ஜ் ஆர்.ஆர். மார்ட்டினின் நாவல் வரிசைதான் மூலக்கதை. 59 எம்மி விருதுகளை அள்ளிய தொடர். ஒளிபரப்பு முடிந்து ஆண்டுகள் பல கடந்தும் புதிது புதிதாக இளைஞர்கள் அதைத் தேடிப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

அதில் ஆபாசம் இருக்கிறது, கொடூரம் இருக்கிறது. அதனால் பார்க்காதே என்று சொல்லிவிட்டு நகர்வது எளிது. பெரியவர்கள் அதைச் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார்கள். ஆனால் யாரும் சொல்லாத இன்னொன்று இருக்கிறது. அந்தத் தொடர் யாரை மனிதனாகக் காட்டுகிறது, யாரைக் கூட்டமாகக் காட்டுகிறது? இந்தக் கேள்வியைக் கேட்காமல் அதைப் பார்ப்பவன், தன்னை அறியாமலே ஒரு பாடத்தைப் படித்துவிடுகிறான்.

‘கற்பனைதானே!’

இளைஞர்கள் உடனே சொல்லும் பதில் இது. ‘இது கற்பனை உலகம். அந்த நாடுகள் எந்த வரைபடத்திலும் இல்லை. இதில் போய் கிழக்கு, மேற்கு, நம்மவர், பிறர் என்று தேடுவதா?’

வணிகர்களுக்கு இதைப் புரிய வைப்பது சுலபம். வயலில் விளைந்து வந்த மூட்டையில் கல்லும் மண்ணும் தானாகக் கலந்திருக்கலாம். விளைவித்தவனைக் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் ஒவ்வொரு பொருளையும் கையால் பொறுக்கிக் கட்டிய பொட்டலத்தில் கல் இருந்தால்? கட்டியவன்தான் பதில் சொல்ல வேண்டும்.

கற்பனைக் கதை அப்படிக் கையால் கட்டிய பொட்டலம். அதில் எதுவும் தானாக வந்து விழுவதில்லை. ஒருவனுடைய தோலின் நிறம், அவன் பேசும் மொழி, அவன் வீட்டுச் சுவர், அவன் சாகும் விதம் எல்லாம் யாரோ உட்கார்ந்து யோசித்து முடிவு செய்தவை. ஆகவே ‘கற்பனைதானே’ என்பது அவர்களைக் காப்பாற்றும் வாதம் அல்ல. அவர்களின் பொறுப்பைக் கூட்டும் வாதம்.

மொழியில் தொடங்குகிறது

கதையில் இரண்டு நிலப்பரப்புகள். மேற்கே வெஸ்டரோஸ். அங்கே வெள்ளைத் தோல் கொண்ட அரச குடும்பங்கள். ஒவ்வொரு குடும்பத்துக்கும் பெயர், கொடி, சின்னம், குலப் பெருமை உண்டு. கடலுக்குக் கிழக்கே எஸ்ஸோஸ். அங்கே பாலைவனம், அடிமைச் சந்தை, குதிரை மேல் வரும் ‘தோத்ராக்கி’ என்ற நாடோடிக் கூட்டம்.

முதல் பகுதியிலேயே அந்தக் கூட்டத்தின் தலைவனுக்கு, நாடிழந்த வெள்ளை இளவரசி டேனெரிஸ் விற்கப்படுகிறாள். திருமண விருந்தில் ஆண்கள் ஒருவரையொருவர் வெட்டிச் சாய்க்கிறார்கள். மூன்று சாவாவது விழாத கல்யாணம் அவர்களுக்குச் சப்பென்று இருக்குமாம். பக்கத்தில் இருப்பவர் அப்படி விளக்குகிறார். மணமகளுக்குக் கணவன் வெள்ளைக் குதிரை ஒன்றைப் பரிசளிக்கிறான். அவர்கள் மொழியில் நன்றியை எப்படிச் சொல்வது என்று அவள் கேட்கிறாள். அப்படி ஒரு சொல்லே அவர்களிடம் இல்லை என்று பதில் வருகிறது.

இந்தத் தொடருக்காக டேவிட் ஜே. பீட்டர்சன் என்ற மொழியியலாளர் தோத்ராக்கி மொழியை இலக்கணத்தோடு, ஆயிரக்கணக்கான சொற்களோடு உருவாக்கிக் கொடுத்தார். அத்தனை சொற்கள் உள்ள மொழியைப் பற்றிப் பார்வையாளனுக்கு முதன்முதலில் சொல்லப்படும் செய்தி, அதில் நன்றி இல்லை என்பது!

கொஞ்சம் யோசியுங்கள். நம் ஊர்க் கிழவி ஒருத்திக்குக் கை கொடுத்துச் சாலையைக் கடத்தி விடுங்கள். ‘நன்றி’ என்றா சொல்வாள்? ‘நல்லா இருப்பே ராசா’ என்பாள். நம் வீட்டுப் பெரியவர்கள் துஆச் செய்வார்கள். வாய்க்கு வாய் நன்றி சொல்வது நம் தமிழ்ப் பேச்சுக்கே அண்மையில் வந்த பழக்கம். திருவள்ளுவர் செய்ந்நன்றியறிதலுக்குத் தனி அதிகாரமே வைத்தாரே, அங்கும் நன்றி என்றால் ஒருவர் செய்த நன்மை என்றுதான் பொருள். சொல் இல்லாததால் உணர்வு இல்லை என்று ஆகிவிடுமா? நாளை ஒருவன் வந்து கேமராவை நம் தெருவில் வைத்து, ‘இந்த மக்கள் நன்றி சொல்வதில்லை’ என்று எழுதினால் நாம் ஒப்புக்கொள்வோமா?

ஒரு சமூகத்தை இழிவுபடுத்தப் பெரிய வசை எதுவும் தேவையில்லை. ஒரு சொல் இல்லை என்று சொன்னாலே போதும்.

யாருடைய சுவர்கள்?

அடுத்து இடத்தைப் பாருங்கள். அடிமை வணிகர்களின் நகரமான அஸ்டபோர், மொராக்கோவின் எஸ்ஸவுய்ரா துறைமுக நகரில் படமாக்கப்பட்டது. இன்னொரு அடிமை நகரமான யுன்காய், மொராக்கோவின் அய்த் பென் ஹத்து என்ற மண்கோட்டைக் கிராமம். பழிவாங்கலும் விஷமும் நிறைந்த டோர்ன் நாட்டின் அரண்மனை, ஸ்பெயினில் உள்ள செவில் நகரத்து அல்காசர்.

அந்த அல்காசரின் கதை தெரியுமா? 14ம் நூற்றாண்டில் கிறிஸ்தவ மன்னர் முதலாம் பெத்ரோ, முஸ்லிம் கைவினைஞர்களைக் கொண்டு அங்கே தன் அரண்மனையைக் கட்டினார். கிறிஸ்தவ அரசனின் வாசல் முகப்பிலேயே, இறைவனைத் தவிர வெற்றியாளன் இல்லை என்ற கிரானடாவின் அரபு வாசகம் பொறிக்கப்பட்டிருக்கிறது. இரண்டு சமூகங்கள் ஒன்றின் கலையை மற்றொன்று மதித்த சாட்சி அது. தொடரில் அந்தச் சுவர், வஞ்சகத்துக்குப் பின்னணித் திரையாகத் தொங்குகிறது.

வெஸ்டரோஸின் வடக்கு நாட்டைக் காட்டும்போது சாம்பல் வானமும் பனியும். எஸ்ஸோஸைக் காட்டும்போது மஞ்சள் வெயிலும் புழுதியும். பார்ப்பவன் ஊர்ப் பெயரைப் படிக்க வேண்டியதே இல்லை. நிறமே அவனுக்குச் சொல்லிவிடுகிறது, இது ‘அந்தப் பக்கம்’ என்று.

மண்ணும் நம்முடையது போல, கட்டடமும் நம்முடையது போல. ஆனால் அங்கே வாழ்பவர்கள் ஒன்று சாட்டை பிடிப்பவர்கள், இல்லை சாட்டையடி வாங்குபவர்கள். கடைக்காரன், ஆசிரியன், வைத்தியன், கவிஞன் யாரும் கண்ணில் படுவதே அபூர்வம்!

தூக்கிச் சுமக்கப்படும் தாய்

2013 ஜூன் 9ல் ஒளிபரப்பான மூன்றாம் பருவத்தின் கடைசிக் காட்சி உலகம் முழுக்கப் பேசப்பட்டது. யுன்காய் நகர அடிமைகள் விடுதலையாகிக் கோட்டைக்கு வெளியே வருகிறார்கள். வெள்ளி முடி கொண்ட டேனெரிஸை நோக்கிக் கை நீட்டி, ‘மைசா’ என்று முழங்குகிறார்கள். அவர்கள் மொழியில் அதற்குத் தாய் என்று பொருள். அவளைத் தோளில் தூக்குகிறார்கள். கேமரா மேலே ஏறுகிறது. பழுப்பு நிறக் கடலுக்கு நடுவில் ஒரே ஒரு வெண்புள்ளி.

விமர்சனங்கள் எழுந்தன. மார்ட்டின் பதில் சொன்னார்: தன் நாவலில் அடிமைகள் எல்லா நிறத்தவரும்தான், மொராக்கோவில் படமெடுத்ததால் துணை நடிகர்கள் அந்த ஊர் மக்களாக அமைந்தார்கள் என்று. இதில் உண்மை இருக்கிறது. அவருடைய அடிமை முறை பழங்கால ரோமாபுரியைப் போன்றது, நிறம் பார்க்காதது என்பதையும் ஒப்புக்கொள்வோம். நியாயம் பேச வந்த நாம் நியாயத்தை மறைக்கக் கூடாது.

ஆனால் ஒரு கேள்வி. படத்தைப் பார்ப்பவன் நாவலை வைத்துக்கொண்டா பார்க்கிறான்? அவன் கண்ணுக்குத் தெரிவது, தங்களைத் தாங்களே விடுவித்துக்கொள்ளத் தெரியாத ஒரு கூட்டமும், கடல் தாண்டி வந்து விடுவிக்கும் ஒரு வெள்ளை ராணியும்தான்.

வரலாறு என்ன சொல்கிறது? அடிமைப் போர்வீரர்களாக விலைக்கு வாங்கப்பட்ட மம்லூக்குகள் 1250 முதல் 1517 வரை எகிப்தைத் தாங்களே ஆண்டார்கள். 1260ல் ஐன் ஜாலூத் களத்தில் மங்கோலியப் படையை முறியடித்தவர்கள் அவர்கள். அவ்வளவு தூரம் போக வேண்டாம். 1206ல் குத்புத்தீன் ஐபக் தொடங்கிய ஆட்சிக்கு ‘அடிமை வம்சம்’ என்றுதானே நாம் பள்ளியில் படித்தோம்? அடிமையாக வாங்கப்பட்ட இல்துத்மிஷ் சுல்தான் ஆனார். அவருடைய மகள் ரஸியா 1236ல் அரியணை ஏறினார். நடந்த வரலாற்றில் அடிமையே அரசன் ஆகிறான். கற்பனையில் மட்டும் அவனுக்கு ஒரு மீட்பர் தேவைப்படுகிறார்!

தோத்ராக்கிகளை மங்கோலியர், ஹூணர், அமெரிக்கப் பழங்குடிகள் எல்லாரையும் கலந்து படைத்ததாக மார்ட்டினே சொல்லியிருக்கிறார். மங்கோலியர் 1258ல் பாக்தாதைச் சுடுகாடாக்கியவர்கள். அவர்களுக்கு வக்காலத்து வாங்க வேண்டிய அவசியம் நமக்கு இல்லை. ஆனால் அதே குதிரைக் கூட்டம் கண்டம் முழுக்க அஞ்சல் குதிரை நிலையங்களை நடத்தியது. அந்தப் புல்வெளி மரபில் வந்த தைமூரின் பேரன் உலுக் பேக் சமர்கந்தில் வான் ஆய்வுக்கூடம் கட்டி, ஆயிரத்துக்கும் மேற்பட்ட நட்சத்திரங்களை அட்டவணைப்படுத்தினார். எதிரியைக்கூட முழு மனிதனாகப் பார்ப்பதுதான் நேர்மை. வெட்டுவதை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதை விட்டுவிட்டால் அது கலவை ஆகாது, கலப்படம்!

யாருடைய ரத்தம் ரத்தம்?

இப்போது விஷயத்தின் மையத்துக்கு வருவோம்.

நான்காம் பருவத்தில் டேனெரிஸ் மீரீன் நகரைப் பிடிக்கிறாள். அந்நகர எஜமானர்கள் 163 அடிமைக் குழந்தைகளைக் கொன்று வழிநெடுக மரத்தில் அறைந்திருந்தார்கள். பதிலுக்கு அவள் 163 எஜமானர்களைச் சிலுவையில் அறைகிறாள். விசாரணை இல்லை, யார் செய்தது என்ற கேள்வி இல்லை. பிறகு ஒரு மகன் வந்து, என் தந்தை அந்தக் கொலைகளை எதிர்த்தவர் என்று சொல்கிறான். தொடர் அதை ஒரு காட்சியோடு கடந்துவிடுகிறது. ஆறாம் பருவத்தில் தோத்ராக்கித் தலைவர்கள் அத்தனை பேரையும் ஒரே கூரையின் கீழ் உயிரோடு எரிக்கிறாள். ரசிகர்கள் கைதட்டினார்கள். அமெரிக்காவில் தங்கள் பெண் குழந்தைகளுக்கு அவளுடைய பட்டமான ‘கலீஸி’ என்றே பெயர் வைத்தவர்கள் பலர்.

2019 மே 12ல் ஒளிபரப்பான பகுதியில் அதே டேனெரிஸ் வெஸ்டரோஸின் தலைநகரான கிங்ஸ் லேண்டிங்கை டிராகனால் எரிக்கிறாள். உலகமே அதிர்ந்தது. ‘இவள் எப்படி இப்படி ஆனாள்? திடீரென்று எப்படிப் பைத்தியம் பிடித்தது?’ என்று சண்டை. லட்சக்கணக்கானவர்கள் அந்தப் பருவத்தையே திருத்தி எடுக்கச் சொல்லிக் கையெழுத்துப் போட்டார்கள்.

திடீரென்றா? கிழக்கே அவள் எரித்தபோது அது வீரம். மேற்கே எரித்தபோது அது பைத்தியம்! கடைசிப் பகுதியில் டிரியன் என்ற பாத்திரம் இதை வாய்விட்டே சொல்கிறது: அங்கே அவள் கொன்றபோது நாம் ஆரவாரம் செய்தோம் என்ற பொருளில். கதை எழுதியவர்களுக்கே இது தெரிந்திருக்கிறது! ஆனால் ஏழு பருவங்கள் நம்மை ஆரவாரம் செய்ய வைத்தது யார்?

கிங்ஸ் லேண்டிங் எரியும்போது கேமரா தெருவில் இறங்குகிறது. ஒரு தாயையும் மகளையும் பின்தொடர்கிறது. அவர்கள் ஓடுவதை, விழுவதை, கருகுவதை நின்று பார்க்கிறது. நமக்கு வலிக்கிறது, வலிக்கத்தான் வேண்டும். அதே கேமரா இரண்டு வாரங்களுக்கு முன் என்ன செய்தது? வின்டர்ஃபெல் போரில் தோத்ராக்கிப் படைதான் முதலில் இருட்டுக்குள் அனுப்பப்படுகிறது. அவர்களின் வளைந்த வாள்களில் நெருப்புப் பற்ற வைக்கிறார்கள். தூரத்தில் அந்த விளக்குகள் ஒவ்வொன்றாக அணைகின்றன. அவ்வளவுதான். ஒரு முகம் இல்லை, ஓர் அலறல் இல்லை, ஒரு பெயர் இல்லை. அடுத்த பகுதிகளில் அந்தப் படை மீண்டும் பெருங்கூட்டமாக வந்து நிற்கிறது. எத்தனை பேர் செத்தார்கள், எத்தனை பேர் மிஞ்சினார்கள் என்று கணக்கு வைத்திருக்கக்கூட யாருக்கும் தோன்றவில்லை.

‘வெள்ளையர்களையும் கொடியவர்களாகக் காட்டுகிறார்களே’ என்று நீங்கள் கேட்கலாம். உண்மை. ஜோஃப்ரி, ராம்ஸி போன்ற கொடியவர்கள் மேற்கில் உண்டு. ஆனால் ஜோஃப்ரி கெட்டவன் என்றால் ஜோஃப்ரி மட்டும்தான் கெட்டவன். அவன் பக்கத்திலேயே அவனை வெறுக்கும் நல்லவர்கள் இருக்கிறார்கள். கிழக்கில் ஒருவன் கெட்டவன் என்றால், அது அந்தக் கூட்டத்தின் குணம் ஆகிவிடுகிறது.

கிழக்கிலிருந்து வந்து பெயரும் முகமும் அன்பும் பெற்ற பாத்திரங்களில் மிஸ்ஸாண்டே முக்கியமானவள். அடிமையாக இருந்து விடுதலை பெற்றவள். பல மொழிகள் அறிந்த அறிவாளி. கடைசியில் அவளை மீண்டும் சங்கிலியில் கட்டித் தலையை வெட்டுகிறார்கள். அவளுடைய சாவு, வெள்ளை ராணியின் கோபத்துக்கு எண்ணெய் ஊற்றுவதற்காக!

திரையிலிருந்து செய்திக்கு

இதெல்லாம் திரையோடு முடிந்துவிடும் என்றால் நாம் பேச வேண்டியதில்லை. 2022 பிப்ரவரியில் உக்ரைன் மீது ரஷ்யா படையெடுத்தபோது, அமெரிக்காவின் சி.பி.எஸ். தொலைக்காட்சி நிருபர் சார்லி டி’அகட்டா கீவ் நகரில் நின்று பேசினார். இது இராக், ஆப்கானிஸ்தான் போன்ற இடம் அல்ல. ஒப்பீட்டில் நாகரிகமான, ஐரோப்பிய நகரம் என்றார். கண்டனம் எழுந்தது, மன்னிப்புக் கேட்டார். அவர் கெட்ட மனிதர் என்று நாம் சொல்லவில்லை. அவர் வாயில் அந்தச் சொல் அவ்வளவு சரளமாக வந்ததே, அதுதான் கவலை. ஒரு நகரத்தின் சாவு அதிர்ச்சி. இன்னொரு நகரத்தின் சாவு வழக்கம். தூரத்தில் அணையும் விளக்குகளைப் பார்த்துப் பழகிய கண், குண்டு விழும் ஊரையும் அப்படித்தான் பார்க்கும்.

எட்வர்ட் செய்த் 1978லேயே தன் ‘ஓரியன்டலிசம்’ நூலில் இந்தப் பார்வையை அலசிக் காட்டினார். ஜாக் ஷஹீன் தொள்ளாயிரத்துக்கும் மேற்பட்ட ஹாலிவுட் படங்களை ஆராய்ந்து, அரபுகள் எப்படிக் காட்டப்படுகிறார்கள் என்று 2001ல் ஒரு பெரும் நூல் எழுதினார். பேசினால் பலன் உண்டா என்று கேட்காதீர்கள். 1992ல் வந்த டிஸ்னியின் ‘அலாவுதீன்’ படப் பாட்டில் காதை வெட்டும் நாடு என்ற பொருளில் ஒரு வரி இருந்தது. அமெரிக்க அரபு அமைப்பினர் ஆதாரத்தோடு எதிர்ப்புத் தெரிவித்தார்கள். 1993ல் வீடியோ கேசட்டாக வந்தபோது அந்த வரி மாற்றப்பட்டது. அந்த ஊரைக் காட்டுமிராண்டித்தனமானது என்ற சொல் மட்டும் தங்கிவிட்டது. 2019ல் மறுபடி எடுத்த படத்தில் அதுவும் போயிற்று. ஒரு பாட்டின் சில சொற்களை மாற்ற 27 ஆண்டுகள்! கல்லெறிந்து அல்ல, கொடும்பாவி எரித்து அல்ல. படித்து, எழுதி, திரும்பத் திரும்பக் கேட்டு.

நம் கடையிலும் ஒரு கேமரா

கோபம் வருகிறதா? வரட்டும். ஆனால் அந்தக் கோபத்தோடு ஒரு நிமிடம் நம் கடைக்குள் வாருங்கள்.

தமிழ் சினிமாவில் நம்மைக் காட்டினால் பெயரா சொல்கிறார்கள்? ‘பாய்’ என்கிறார்கள். ஒன்று பிரியாணிச் சட்டியோடு, இல்லை கத்தியோடு. நாற்பது ஆண்டுகள் ஒரே தெருவில் கடை வைத்திருக்கும் மனிதரின் பெயர் பக்கத்துக் கடைக்காரருக்குத் தெரியாது. அது நமக்கு வலிக்கிறது.

சரி, உங்கள் கடையில் மூட்டை தூக்கும் அந்தப் பீகார்ப் பையனின் பெயர் என்ன? ‘வடக்கன்’ என்றுதானே கூப்பிடுகிறீர்கள்? நான்கு பேர் வேலை செய்தால் நான்கு பேருமே ‘வடக்கன்’தானே? ‘அவனுங்க இப்படித்தான்’ என்று ஒருவன் செய்த தவறை நால்வர் மேலும் போடுவதில்லையா? எச்.பி.ஓ. செய்தால் இழிவு, நாம் செய்தால் வழக்கமா? நம்மிடம் உள்ள தராசை முதலில் சரிபார்த்துவிட்டுத்தான் அடுத்தவன் தராசைப் பற்றிப் பேச நமக்குத் தகுதி வரும்.

என்ன செய்யலாம்?

இளைஞர்களே! எதைப் பார்த்தாலும் மூன்று கேள்விகளைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். இதில் யாருக்குப் பெயர் இருக்கிறது, யாருக்கு இல்லை? யார் தன் மனதைத் தானே பேசுகிறான், யாரைப் பற்றி மற்றவர்கள் விளக்கம் சொல்கிறார்கள்? யாருடைய சாவுக்காகக் கேமரா நிற்கிறது, யாருடைய சாவைத் தாண்டிப் போகிறது? டிராகன் கதைக்கும் கேளுங்கள், இரவு ஒன்பது மணிச் செய்திக்கும் கேளுங்கள், வாட்ஸ்அப்பில் வரும் வீடியோவுக்கும் கேளுங்கள். நம்மவர்களே எடுத்து அனுப்பும் வீடியோவுக்கும் கட்டாயம் கேளுங்கள்.

வணிகப் பெருமக்களே! மகனின் கைப்பேசியைப் பிடுங்கிவிடுவதால் அவன் பார்ப்பது நிற்காது. ஒரு நாள் பக்கத்தில் உட்காருங்கள். ‘அந்தக் குதிரைக்காரர்களில் ஒருவன் பெயராவது சொல்லு பார்ப்போம்’ என்று கேளுங்கள். அவன் யோசிக்கட்டும்.

இன்னொன்று. பிள்ளை என்ஜினீயராக வேண்டும், துபாய் போக வேண்டும் என்பதற்கு லட்சங்களைச் செலவிடுகிறோம். கதை எழுத, படத்தொகுப்புப் படிக்க, செய்தியாளனாகப் போகிறேன் என்று ஒரு பிள்ளை சொன்னால் மட்டும், ‘அதெல்லாம் சோறு போடுமா?’ என்கிறோம். பிறகு, நம் கதையை மற்றவன் எழுதிவிட்டான் என்று அழுகிறோம். எழுதும் இடத்தில் நம் பிள்ளை உட்காராத வரை, அடுத்த பொட்டலத்திலும் கல் இருக்கத்தான் செய்யும்.

இதையெல்லாம் செய்ய ஆண்டுகள் ஆகும். நாளைக் காலையிலேயே செய்யக்கூடியது ஒன்று உண்டு. கடையைத் திறந்ததும் அந்தப் பையனிடம் அவன் பெயரைக் கேளுங்கள். அன்று முழுவதும் அந்தப் பெயரைச் சொல்லியே கூப்பிடுங்கள்.